கிளியோபாட்ராவும் நிலாவும்: காலத்தை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

"கிளியோபாட்ரா வாழ்ந்த காலம் பிரமிடு கட்டிய காலத்தைவிட நிலாவில் மனிதன் இறங்கிய காலத்துக்குத்தான் கிட்ட." இந்த வரி மாதத்துக்கு ஒருமுறையாவது யார் மூலமாவது நம் போனுக்கு வந்துவிடும். உண்மையான தகவல்தான். போன வருடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானும் இதைப் போட்டேன், சும்மா போடாமல் கணக்கோடு போட்டேன்: கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30, நிலாவில் இறங்கியது 1969, ஆக மொத்தம் 1999 ஆண்டுகள். பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: "1998. நடுவுல சைபர் வருஷம்னு ஒண்ணு கிடையாதுடா."

அவர் சொன்னது சரி. கி.மு. 1 டிசம்பர் 31-க்கு மறுநாள் கி.பி. 1 ஜனவரி 1. அதனால் கி.மு.வையும் கி.பி.யையும் தாண்டும் எந்தக் கணக்கிலும் இரண்டு எண்களையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். என்னை மாதிரி ஆட்கள் மட்டும் இதில் மாட்டவில்லை. ரோமானியக் கவி வர்ஜில் பிறந்தது கி.மு. 70. அவருடைய 2000-ஆவது பிறந்தநாளை 1930-இல் விமரிசையாகக் கொண்டாடினார்கள், ஆனால் 2000 ஆண்டு நிறைவது 1931-இல்தான். நம்முடைய திருவள்ளுவர் ஆண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. நடப்பு ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுகிறோம், கி.மு. 31 அதில் முதல் ஆண்டாக வந்து உட்கார்ந்துவிடுகிறது, சைபர் என்ற பேச்சே எழுவதில்லை.

இதே வகையில் இன்னொரு தவறும் உண்டு, அதைப் புரிந்துகொள்ளும் வழி ஏற்கெனவே நம் பேச்சிலேயே இருக்கிறது. "பையனுக்கு என்ன வயசு?" என்றால் பாட்டி "25 முடிஞ்சு 26 நடக்குது" என்பார். முடிந்தது வேறு, நடப்பது வேறு. கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு எப்போதும் நடப்புக் கணக்குதான். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் கொடுத்தது அவனுடைய 25-ஆவது ஆட்சியாண்டின் 275-ஆம் நாள். அவன் பட்டத்துக்கு வந்தது 985-இன் நடுவில், சரி, 985-உடன் 25 கூட்டினால் 1010 என்று எல்லோரும் போட்டுவிடுகிறோம். விடை சரியாக வந்துவிடுவதால் வழி தப்பு என்பது தெரிவதில்லை. உண்மையில் 24 ஆண்டுகள் முழுதாகப் போய், 1009-இன் நடுவில் 25-ஆவது தொடங்கி, அதிலிருந்து 275 நாள் எண்ணினால்தான் 1010-இன் சித்திரை வாக்கில் வந்து நிற்கிறோம். அந்த 275 நாள் வெறும் 75 நாளாக இருந்திருந்தால் பாதிப் பேர் ஆண்டைத் தப்பாகச் சொல்லியிருப்போம்.

ஆனாலும் ஒன்று இரண்டு ஆண்டுப் பிசகு எல்லாம் சில்லறை. பெரிய சறுக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நாம் காலத்தைப் பெயர் போட்டு அடுக்கி வைத்திருக்கிறோம். பழைய எகிப்து என்று ஒரு டப்பா, அதற்குள் பிரமிடு, மம்மி, கிளியோபாட்ரா எல்லாம். கிளியோபாட்ராவோ மாசிடோனியக் கிரேக்க வம்சத்தவள், அலெக்சாண்டரின் தளபதியாக இருந்த தாலமியின் வழியில் வந்தவள். கிஸாவின் பெரிய பிரமிடு கட்டப்பட்டது கி.மு. 2560 வாக்கில். அவளுக்கே அது 2500 ஆண்டுப் பழசு, அவள் காலத்திலேயே வெளியூர்க்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்துபோன இடம்.

அக்கா பையனுக்கு இதைக் காட்ட அம்மாவின் பழைய புடவை ஒன்றை எடுத்துக் கூடத்தில் நீளமாக விரித்தோம். ஐந்தரை மீட்டர். ஒரு மில்லிமீட்டர் ஒரு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஐந்தாயிரத்து ஐந்நூறு ஆண்டு, அதாவது எழுத்து பிறந்த காலத்தையும் தாண்டிக் கொஞ்சம் துணி மிச்சமிருக்கும். முந்தானை ஓரம்தான் 2025. நிலாவில் இறங்கியது ஓரத்திலிருந்து 5.6 சென்டிமீட்டர், ஜரிகையைவிட்டு வெளியே வரவே இல்லை. பெரிய கோயில் ஒரு மீட்டரும் சொச்சமும் தள்ளி. கிளியோபாட்ரா 2.05 மீட்டரில். பிரமிடுக்கு அவன் எழுந்து நடந்துபோய், அடுத்த அறை வாசல்படிக்குப் பக்கத்தில், 4.58 மீட்டரில் ஊக்கைக் குத்தினான். "இவ்ளோ தூரமா?" என்றான். அவ்வளவுதான் விஷயம், அதற்குமேல் நான் எதையும் விளக்கவில்லை.

அப்புறம் கரிகாலன் வந்தான். பையன் யோசிக்காமல் ராஜராஜன் ஊக்குக்குப் பக்கத்திலேயே ஒரு விரல் தள்ளி வைத்தான். சோழன் என்றால் சோழன், எல்லாம் ஒரே டப்பா. பெரியவர்களும் இதைத்தான் செய்கிறோம், கல்லணையையும் பெரிய கோயிலையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். கரிகாலனை கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் எங்கோ வைப்பது வழக்கம், இன்ன ஆண்டு என்று யாராலும் ஊக்கு குத்த முடியாது. அதனால் அவனுக்கு 20 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு ரிப்பன் வெட்டி, புடவையில் 1.83-இலிருந்து 2.02 மீட்டர் வரை ஒட்டினோம்.

உறுதியான தேதிக்கு ஊக்கு, உறுதியில்லாத தேதிக்கு ரிப்பன். இதைச் செய்யாமல் ஒப்பிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ராஜராஜன் நமக்குக் கிட்டவா, கரிகாலனுக்குக் கிட்டவா? பெரிய கோயிலிலிருந்து நமக்கு 1015 ஆண்டு. ரிப்பனின் தூரத்து முனையிலிருந்து கோயிலுக்கு 1009, கிட்டத்து முனையிலிருந்து 810. கிட்டத்து முனை என்றால் கரிகாலன் சுலபமாக ஜெயிக்கிறான், தூரத்து முனை என்றால் இழுபறி. ஆக "கரிகாலனுக்குத்தான் கிட்ட" என்று சொல்லலாம், ஆனால் மேசையைத் தட்டிச் சொல்லக் கூடாது. கிளியோபாட்ராவைத் தட்டியே சொல்லலாம், ஏனென்றால் அங்கே 2530 ஆண்டுக்கும் 1998 ஆண்டுக்கும் இடையில் வித்தியாசமே 500-க்கு மேல். பிரமிடின் தேதி பத்து இருபது ஆண்டு முன்னே பின்னே நகர்ந்தாலும் அந்த ஒப்பீட்டுக்கு ஒன்றும் ஆகாது. தேதியில் இருக்கும் சந்தேகத்தைவிட வித்தியாசம் பெரிதா என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும், அவ்வளவே.

டைனோசர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு தனிப் பள்ளம் உண்டு: மில்லியன். டைரனோசரஸ் கூட்டம் அழிந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். ஒரு மில்லியன் பத்து லட்சம், அதனால் அது 6.6 கோடி. அவசரத்தில் மொழிபெயர்ப்பவர்கள் 66 கோடி என்று எழுதிவிடுகிறார்கள், 66 கோடி ஆண்டுக்கு முன் டைனோசர் என்ன, முதுகெலும்புள்ள எந்தப் பிராணியும் கிடையாது. இந்த எண்கள் மனதில் ஒட்டாதது நம் தவறும் இல்லை. ஒரு லட்சம் நொடி என்பது ஒரு நாளும் கிட்டத்தட்ட நாலு மணி நேரமும், ஒரு கோடி நொடி என்பது 116 நாள், நூறு கோடி நொடி என்பது ஏறக்குறைய 32 வருடம். லட்சமும் கோடியும் வாயில் பக்கத்துப் பக்கத்து வார்த்தைகள்தான். புடவைக் கணக்கிலேயே போனால் டைரனோசரஸ் முந்தானை ஓரத்திலிருந்து 66 கிலோமீட்டர். மதுரையில் புடவையை விரித்தால் திண்டுக்கல் பக்கம் போய்த் தேட வேண்டும். முதுகில் தகடு தகடாக இருக்குமே, அந்த ஸ்டெகோசரஸ் சுமார் 15 கோடி ஆண்டுக்கு முந்தையது, அதற்குத் திருச்சிப் பக்கம் போக வேண்டும். படப் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் சண்டை போடும்.

இதெல்லாம் தூரத்து விஷயம். வீட்டுக்குள்ளேயே தினமும் சொல்லும் ஒன்றுக்கு வருவோம்: "வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் ஆண்டான்." எங்கே, யாரை, எதிலிருந்து? பிளாசிப் போர் 1757 ஜூனில் நடந்தது, அதிலிருந்து 1947 ஆகஸ்ட் வரை 190 ஆண்டு, அது வங்காளத்துக் கணக்கு. சென்னைக்கு அவர்கள் இடம் வாங்கியது 1639-இல், அப்படிப் பார்த்தால் 308. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-இல், ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதி முழுசாகக் கம்பெனி கைக்கு வந்தது 1801-இல், அதிலிருந்து 146. கம்பெனியை ஒதுக்கிவிட்டு பிரிட்டிஷ் அரசு நேராக ஆண்டதை மட்டும் எடுத்தால் 1858-இலிருந்து வெறும் 89. புதுக்கோட்டை சமஸ்தானமாகவே இருந்து 1948-இல்தான் இணைந்தது, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் வரை இருந்தார்கள். இதில் எதுவும் தப்பு இல்லை. ஒருவர் 308-ஐ மனதில் வைத்துக்கொண்டும் இன்னொருவர் 89-ஐ மனதில் வைத்துக்கொண்டும் "இருநூறு" என்ற ஒரே வார்த்தையில் பேசிக்கொள்வதுதான் தப்பு. ஒப்பீடு போடுகிறவர் தனக்கு வசதியான தொடக்கத்தை எடுத்துக்கொள்வது இங்கே வெகு சுலபம், நானும் செய்திருக்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளைவிடப் பழசு என்பதும் இந்த ரகம்தான். ஆக்ஸ்ஃபோர்டில் ஏதோ ஒரு வடிவில் 1096-இலேயே பாடம் நடந்திருக்கிறது, அஸ்டெக்குகளின் டெனோச்டிட்லான் நகரம் உருவானது 1325 என்பார்கள். கணக்கு சரி. ஆனால் படிப்பவர் மனதில் "மெக்சிகோவின் பழைய நாகரிகத்தைவிட" என்று பதிகிறது, அங்கே டியோடிஹுவாகான் என்ற பழைய நகரத்தில் சூரியப் பிரமிடு டெனோச்டிட்லானுக்கும் ஆயிரம் ஆண்டு முன்பே நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் கிடைத்ததிலேயே பழைய தடயம், இன்னொரு பக்கம் கடைசியாக வந்த ஒரு அரசு. இப்படி எடுத்தால் யாரையும் யாருக்கும் தாத்தா ஆக்கிவிடலாம்.

ஒரே தேதி என்றால் ஒரே நாள் என்று நம்புவதும் உண்டு. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616 ஏப்ரல் 23. ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டெஸுக்கும் அதே தேதியைச் சொல்வார்கள். செர்வான்டெஸ் இறந்தது 22, அடக்கம் செய்ததுதான் 23 என்பதை விட்டுவிட்டாலும், ஸ்பெயின் 1582-லேயே இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை, அப்போது பத்து நாள் பின்தங்கிய பழைய காலண்டரிலேயே இருந்தது. அதனால் ஷேக்ஸ்பியர் போனது ஸ்பெயின் காலண்டர்படி மே 3. ஏன், நிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவில் ஜூலை 20 இரவு ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது இங்கே 21-ஆம் தேதி காலை எட்டரை மணி.

கடைசியாக ஒன்று, "இன்று" என்ற முனை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பர் 17. அதிலிருந்து நிலாவுக்கு 66 வருடம்கூட முழுசாக இல்லை, 65 வருடம் 7 மாதம் 3 நாள். நிலாவிலிருந்து 2025-க்கு 56. ஆக "நிலாப் பயணம் முதல் விமானத்தைவிட நமக்குத்தான் கிட்ட" என்று இன்றைக்குத் தாராளமாகப் போடலாம். தேதி போடாமல் போட்டால் பத்து வருடம் கழித்து அதே வரி பொய்யாகிச் சுற்றிக்கொண்டிருக்கும். என்றைக்குப் பொய்யாகும் என்று நான் கணக்குப் போட்டு, அந்த நாளைப் போன் காலண்டரில் குறித்தும் வைத்தேன்: 2035 பிப்ரவரி 23. பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. வருடமும் மாதமுமாகக் கூட்டினால் 23 வரும், நாள் நாளாக எண்ணினால் அது 23,957 நாள், அப்போது 21-ஆம் தேதிதான் என்கிறார். எண்ணிப் பார்த்தேன், 21 தான்.