கத்தாமலே செய்தியில் வர: வேலூர் வட்டாரக் குழுக்களுக்கு ஒரு கையேடு

திங்கட்கிழமை காலை சத்துவாச்சாரியில் இருக்கும் வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்வு நாள். மனு, நகல், இணைப்புக் காகிதங்களோடு பெரிய கூட்டமே வரிசையில் நிற்கும். மறுநாள் நாளிதழில் வருகிற படம் அந்த வரிசையின் படமாக இருப்பது அபூர்வம். மண்ணெண்ணெய் கேனோடு வந்தவர், தரையில் உருண்டபடி வந்தவர், காலிக் குடத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர் என யாராவது ஒருவர்தான் அதில் இருப்பார். ‘நூதனப் போராட்டம்’ என்று அதற்கு ஒரு தலைப்பும் தயாராக இருக்கிறது.

நிருபரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குச் செய்தி எப்படி வந்து சேருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தாலுகா நிருபர்களில் பலர் பகுதி நேரக்காரர்கள். ஒரு ஆளுக்கு ஒரு தாலுகா. குற்றச் செய்தி காவல் நிலையத்திலிருந்து போனிலேயே கிடைத்துவிடும். அரசு நிகழ்ச்சி, செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும். கட்சிச் செய்தியைக் கட்சிக்காரரே எழுதி அனுப்பிவிடுவார். பேரணாம்பட்டுப் பக்கம் ஆறு மாதமாக ஊரே கூடிக் கால்வாய் தூர் வாருகிறதென்றால், அதைப் பார்க்க மட்டும் அவர் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வர வேண்டும். வந்தாலும் “இன்னைக்கு என்ன விசேஷம்?” என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. நேற்றும் அதே வேலை, நாளைக்கும் அதே வேலை.

செய்திக்கு ஒரு நாள் வேண்டும், ஒரு எண் வேண்டும், ஒரு முகம் வேண்டும். கூச்சல் போடுகிறவர் இந்த மூன்றையும் தானே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். ஏரிக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு போன்றவை பொய் கலக்காமல் இந்த மூன்றையும் தயார் செய்வதற்கான வழிகள் கீழே இருக்கின்றன.

எண்

வேலை தொடங்கும் முன்பே அளவெடுத்து வையுங்கள். முடிந்த பிறகு யோசித்தால் ‘ஏராளமான’, ‘பெருமளவு’ என்றுதான் எழுத வரும். அதைச் செய்தி திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர் முதல் வேலையாக வெட்டிவிடுவார்.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் என்றால் நீளம், அகலம், வண்டலின் ஆழம் மூன்றையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். 200 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், அரை மீட்டர் வண்டல் என்றால் 150 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 35.3 கன அடி, ஆகவே 5,300 கன அடி. நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், அதாவது 53 யூனிட். வாசகருக்கு யூனிட்தான் புரியும், அதையே எழுதுங்கள். ஆழம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் 20 மீட்டருக்கு ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள். ஒரே இடத்தில் அளந்த கணக்கைப் பொறியாளர் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. ‘53 யூனிட் மண் அகற்றினோம்’ என்று அச்சில் வந்ததும் முதலில் வருகிற கேள்வி, “அந்த மண் எங்கே போனது?” என்பதுதான். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். உரிய இடத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, மண்ணைக் கரையில் போட்டதையும் படம் எடுத்து வைத்த பிறகே பத்திரிகைக்குப் போங்கள். அனுமதி இல்லாத நல்ல காரியம் ‘மண் கடத்தல் புகார்’ என்று திரும்பி வர ஒரு நாள் போதும்.

அளந்த எண் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்துக் கோஷங்கள் யாருக்கும் நினைவில்லை. எண் இன்றும் மேற்கோளாக வந்துகொண்டிருக்கிறது.

நாள்

தொடர்ந்து நடக்கிற வேலையிலிருந்து ஒரு நாளை வெட்டி எடுக்க வேண்டும். கடைசி மீட்டர் முடிகிற நாள், முதல் மழையில் தண்ணீர் வந்த நாள், வரவு செலவுக் கணக்கை ஊருக்கு வாசிக்கும் நாள் எல்லாம் உண்மையான நிகழ்வுகள், அதனால் செய்தியாகும். கணக்கு வாசிக்கக் கிராம சபை நல்ல இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. தண்ணீர் சம்பந்தப்பட்டதென்றால் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கூட்டத்தைப் பிடியுங்கள். அன்று பக்கம் தயாரிப்பவரே தண்ணீர்ச் செய்தி தேடிக்கொண்டிருப்பார். நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகள் அமைத்தது பிரதமரின் வானொலி உரையில் இடம்பெற்றதும் 2021 செப்டம்பர் 26, உலக நதிகள் தினத்தன்றுதான். அவர்கள் வேலை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. திங்கள் காலை எல்லோரும் ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பார்கள். ஜூலை 10 என்றால் சிப்பாய் புரட்சி நினைவுத்தூண். வைகாசி 1 என்றால் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அன்று வேறு எதுவும் எடுபடாது. ஆடிக் கிருத்திகையும் அமைச்சர் வரும் நாளும் அப்படியே. வசதியான நாள் ஞாயிறு. அலுவலகம் இல்லை, நீதிமன்றம் இல்லை, திங்கட்கிழமைப் பதிப்புக்கு மேட்டர் குறைவாக இருக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு நடத்தி, மதியம் ஒரு மணிக்குள் அனுப்பினால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பிரஸ் நோட்

நம் சங்கங்கள் எழுதுகிற பிரஸ் நோட்டுக்கு ஒரு பழைய அச்சு உண்டு. தலைவர் தலைமை தாங்கினார், செயலாளர் முன்னிலை வகித்தார், பொருளாளர் வரவேற்றார், சிறப்பு அழைப்பாளராக இன்னார் கலந்துகொண்டார், முடிவில் துணைச் செயலாளர் நன்றி கூறினார். நிருபரும் அதை அப்படியே போட்டுவிடுவார். பன்னிரண்டு வரியில் பதினொன்று பெயராகப் போய்விடும், செய்த வேலை என்னவென்று படித்தவருக்குத் தெரியாது.

அதை மாற்றி, முதல் வாக்கியத்தில் வேலையையும் எண்ணையும் வையுங்கள். இப்படி:

“(ஊர்) ஏரியின் 200 மீட்டர் வரத்துக் கால்வாயைக் கிராம மக்களே தூர் வாரி முடித்தனர். 53 யூனிட் வண்டல் எடுக்கப்பட்டு ஏரிக்கரையைப் பலப்படுத்தப் போடப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிந்ததால் மலையிலிருந்து வரும் தண்ணீர் இந்த ஆண்டு தடையில்லாமல் ஏரியில் சேரும்.”

அடுத்த பத்தியில் எத்தனை பேர், எத்தனை நாள், செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து வந்தது, அனுமதி தந்த அலுவலகம் எது என்று எழுதுங்கள். மூன்றாவதில் ஒருவர் சொன்னது. அவர் தலைவராக இருக்க வேண்டியதில்லை, கால்வாயை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். பொறுப்பாளர் பெயர்கள் கடைசி வரியில் போதும். இடம் குறைந்தால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். பெயர் போனால் பெயர்க்காரருக்கு மட்டும் வருத்தம். இதை முன்கூட்டியே சங்கத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் சண்டை உறுதி.

மொத்தம் 150 முதல் 200 சொல் போதும். யூனிகோடில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப் செய்தியாகவே அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அவர் போனில் குப்பையாகத் தெரியும். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் அவர் மறுபடி தட்டச்ச வேண்டும், அந்த நேரத்தில் வேறு செய்தி முந்திவிடும். அடியில் இரண்டு பேருடைய போன் எண் கட்டாயம். ஒருவர் எடுக்காவிட்டால் செய்தி அன்றோடு சரி.

படம்

சால்வை போர்த்துகிற படம் வேண்டாம். வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கிற படமும் வேண்டாம். ஒரு முகம், ஒரு வேலை, பின்னால் இடம் தெரிய வேண்டும். போனைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். நம் ஊர் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் எடுத்தால் தலைத்துண்டு, தொப்பி நிழலில் முகம் கறுத்துப் போகும், ஆகவே அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தூர் வாரும் முன் எடுத்த அதே இடத்தில், அதே கோணத்தில் முடிந்த பிறகு ஒன்று. இதற்காக ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கி அச்சில் மங்கும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். மூன்று படத்துக்கு மேல் அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இடமிருந்து வலமாகப் பெயர், இனிஷியலோடு. பள்ளிக் குழந்தைகள் இருந்தால் பெற்றோர் சம்மதம் வாங்கியபின் மட்டும்.

போன் செய்வது

முதல் நாள் மாலை ஒரு அழைப்பு. “சார் வணக்கம், (ஊர்) ஏரிக் குழுவுல இருந்து பேசறோம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கால்வாய் வேலை முடியுது. வர முடிஞ்சா சந்தோஷம், முடியலன்னா ஒரு மணிக்குள்ள மேட்டரும் போட்டோவும் அனுப்பிடறோம்.” அவ்வளவுதான். அனுப்பியபின் ஒருமுறை மட்டும் “வந்துச்சா சார்?” என்று கேளுங்கள். மாலை ஐந்துக்கு மேல் பக்கம் முடிக்கிற அவசரம், அப்போது தொந்தரவு செய்தால் அடுத்த முறை போனே எடுக்கமாட்டார். தேர்ந்தெடுத்து ஒருவருக்கு மட்டும் கொடுக்காமல் எல்லா நாளிதழ் நிருபர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்.

வந்தவருக்குத் தண்ணீர், டீ கொடுங்கள். பணக் கவர் கொடுக்காதீர்கள். கவர் கொடுத்து வந்த செய்திக்கு அடுத்த தடவையும் கவர் வேண்டியிருக்கும். அதைவிட மோசம், கவரே வாங்காத நிருபர் உங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

மைக் நீட்டும்போது

தொலைக்காட்சிக்காரர் கேட்கும் ‘பைட்’, அதாவது சிறு பேட்டித் துண்டு, ஒளிபரப்பில் சில வினாடிதான் நிற்கும். நீங்கள் பத்து நிமிடம் பேசினால் அதில் எந்தச் சில வினாடி சூடாக இருக்கிறதோ அதைத்தான் எடுப்பார்கள். ஆகவே சூடான வினாடியே கொடுக்காமல் மூன்று குட்டி வாக்கியங்கள் சொல்லி நிறுத்துங்கள். என்ன நடந்தது, எவ்வளவு, அடுத்து என்ன. “எதிர்த்தரப்பு உங்களை இப்படிச் சொல்றாங்களே?” என்று கேட்டால், எதிராளியின் சொல்லைத் திருப்பிச் சொல்லாதீர்கள். “அவர் சொன்னதை நான் கேட்கல. எங்க கணக்கு நோட்டு இங்க இருக்கு, யார் வேணும்னாலும் பாக்கலாம்” என்பது போதும். திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதே பதில், அதே சொற்கள்.

ஊரில் வதந்தி பரவி, கோயில் தரப்பும் ஜமாத் தரப்பும் உட்கார்ந்து பேசிச் சமாதானம் ஆன நாட்களில் இது இன்னும் முக்கியம். அப்போது இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒரே அறிக்கை வேண்டும், அன்று மாலைக்குள். அதில் வதந்தி என்ன என்று விவரிக்காமல், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், என்ன முடிவானது என்பதை மட்டும் எழுதுங்கள்.

குறை சொல்ல வேண்டியிருந்தால்

நல்ல காரியம் மட்டுமே செய்தி என்றில்லை. தெருவில் சாக்கடை ஓடினால் அதையும் சொல்லத்தான் வேண்டும். மண்ணெண்ணெய் வழி வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்பதோடு, அதிகாரியை வற்புறுத்தத் தற்கொலைக்கு முயல்வது பாரதிய நியாய சன்ஹிதா 226-வது பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சாக்கடைப் பிரச்சினை அன்றோடு காணாமல் போய், போலீஸ் பை சோதனைதான் செய்தியாகும்.

மனு கொடுத்ததும் மனு எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்தாலும் அப்படியே. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, “இந்த எண் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் உள்ளது” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராததும் செய்தி, ‘கோப்பில் இல்லை’ என்று வந்தால் அதுவும் செய்தி. மூன்று மனு எண், மூன்று தேதி, ஒரு பதில் நகல் ஆகியவற்றை ஒரே ஏ4 தாளில் அடுக்கிக் கொடுத்தால் நிருபர் அதிகாரியிடம் விளக்கம் கேட்க வழி கிடைக்கும்.

தப்பாக வந்தால்

முதலில் நிருபருக்கே போன், அன்றே. முகநூலில் திட்டிவிட்டுப் பிறகு போன் செய்தால் திருத்தம் வராது. கேட்கவில்லையென்றால் ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் கடிதம், பிழை எது, சரி எது என்று இரண்டே பத்தியில். அதற்கும் பலனில்லை என்றால் இந்தியப் பத்திரிகை மன்றம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும், ஆசிரியருக்கு எழுதிய கடித நகலும் செய்தி நறுக்கும் இணைக்க வேண்டும். மன்றம் கண்டிக்கும், எச்சரிக்கும், அபராதம் போடாது. தொலைக்காட்சியானால் முதலில் அந்தச் சேனலுக்கே புகார். 2021 கேபிள் தொலைக்காட்சி விதிப்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் தர வேண்டும்.

வந்த செய்தியை அன்றே வெட்டி, நாளிதழ் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் எழுதி ஒட்டி வையுங்கள். மின்னிதழின் இணைப்பை மட்டும் சேமித்தால் பிறகு திறக்காமல் போகலாம், பக்கத்தையே பிடிஎஃப் ஆக எடுத்துவிடுங்கள். அடுத்த மனுவில் முதல் இணைப்பாக அதன் நகலை வையுங்கள். கால்வாயில் தண்ணீர் வந்ததும் அதே நிருபருக்கு அதே மின்கம்பக் கோணத்தில் ஒரு படம் போகட்டும்.