பையில் வேப் கிடைத்ததும் பெற்றோர் செய்யும் தவறுகள்

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற குமுளிக்கு மேலேயும் கீழேயும் உள்ள பள்ளிப் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் பேசுவதுதான் என் வேலை. கஞ்சா எண்ணெய் அடைத்த வேப் பேனா, அதாவது எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற மின்சிகரெட், பிள்ளையின் பையில் அகப்பட்டதும் பதறி வருகிறவர்கள், போன வருடம் வந்தவர்கள் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்துவிட்டு வருகிறார்கள். அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள் என்பதை எல்லோரும் சொல்லியாயிற்று, அதை விட்டுவிடுகிறேன். நல்லது என்று நம்பிச் செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"வாடையே இல்லையே" என்று ஆறுதல் அடைவது

கஞ்சாப் பொட்டலத்தைச் சுருட்டிக் குடித்தால் சட்டையில் வாடை தங்கும். வேப்பில் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். பொருளும் பென் டிரைவ் போலவோ ஹைலைட்டர் பேனா போலவோ இருக்கும். "மாம்பழ ஃபிளேவர்மா, வேற ஒண்ணுமில்ல" என்றால் பெற்ற மனசு நம்பத்தான் பார்க்கும்.

இந்தியாவில் மின்சிகரெட் உற்பத்தி, விற்பனை, இறக்குமதி எல்லாமே 2019-ல் தடை செய்யப்பட்டுவிட்டன. அதனால் பிள்ளையின் கைக்கு வருகிற எதையும் யாரும் சோதித்து அனுப்பவில்லை. உள்ளே நிக்கோட்டின் இருக்கலாம். கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி. இலையில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கைக் கஞ்சா ரசாயனமாகவும் இருக்கலாம், அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். அமெரிக்காவில் 2019-ல் தொடங்கி 2020 பிப்ரவரி வரை வேப்பால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு 2,807. அவர்களில் 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் இழுத்தது டி.எச்.சி. கலந்த வேப். எண்ணெயைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டைத்தான் முக்கியக் காரணமாகக் கண்டார்கள். பிள்ளையிடம் "எங்கே வாங்கினாய்" என்று கேட்பதற்கு முன்னால் "இழுத்தால் நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா" என்று கேளுங்கள்.

மாமன் வீட்டுக்கு அனுப்பிவைப்பது

இதைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும். எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் நடந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் எல்லையில் சொந்தபந்தம் இரண்டு பக்கமும் கிடக்கிறது. வண்டன்மேட்டிலும் நெடுங்கண்டத்திலும் ஏலத்தோட்டத்தை நம்பிப் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குக் கம்பத்தில், சின்னமனூரில், போடியில் அண்ணன் தம்பி உண்டு. ஆகவே "இடத்த மாத்துனா சரியாப் போயிரும்" என்ற யோசனை எடுத்த எடுப்பில் வந்துவிடுகிறது. மலையில் பிடிபட்டவன் கீழே இறங்குகிறான், கீழே பிடிபட்டவன் மலை ஏறுகிறான்.

மேலே தோட்டத்தில் கங்காணியாக இருப்பவரின் மகன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பு. தினமும் வேப் இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்த அந்த வாரமே கம்பத்தில் தாய்மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். மாமனிடம் சொன்னது, "படிப்புல கவனமில்ல, கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்பது மட்டும். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "எங்க அண்ணன்ட்ட எப்படி மேடம் இதச் சொல்றது? அவுக மகளுக்கு இவன்தான்னு சின்னதுலருந்தே பேச்சு. தெரிஞ்சா அத்துப்போயிருமே" என்று அழுதார்.

தினமும் இழுத்தவன் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் உடம்பு முரண்டு பிடிக்கத் தொடங்கும். எரிச்சல், தூக்கமின்மை, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், வியர்வை, விபரீதக் கனவுகள். முதல் வாரம்தான் மிக மோசம். இரண்டு மூன்று வாரத்தில் தணியும், தூக்கம் சரியாக இன்னும் நாளாகலாம். மருத்துவம் இதற்குக் கஞ்சா விலகல் என்று பெயரிட்டு நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. மாமனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் தட்டைத் தள்ளிவிடுகிற, நடுராத்திரியில் மொட்டை மாடியில் உலாத்துகிற, அத்தையை எதிர்த்துப் பேசுகிற ஒரு பையன். தங்கச்சி சொன்னபடி கண்டித்தார். கையும் ஓங்கினார். பையனுக்கோ, பெற்றவர்களே தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்ற எண்ணம் உறைந்துபோனது.

சரக்கு விற்கிறவனுக்கு எல்லையில் உள்ள மெட்டு (மலைக்கணவாய்) ஒரு தடையே இல்லை. செல்போனில் ஒரு செய்தி போதும். புது ஊரில் தனியாக நிற்கிறவனோடு முதலில் கூட்டுச் சேர வருகிறவன் பெரும்பாலும் அந்தச் சரக்கை வைத்திருப்பவன்தான். இந்தப் பையன் ஊர் திரும்பியபோது வேப்போடு பொட்டலமும் பழகியிருந்தான். கேரளப் பாடத்திட்டத்தில் பாதி வருடம், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பாதி வருடம் என்று படிப்பும் இரண்டுங்கெட்டானாகி அந்த வருடமே போயிற்று. மாமனுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது, மிக மோசமான விதத்தில்.

அனுப்புகிற அவசரத்தில் பையைக்கூடப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். கம்பம்மெட்டிலும் குமுளியிலும் சோதனைச் சாவடி இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவது தனியே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட குற்றம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது 1 கிலோ வரை. ஹஷீஷ் எண்ணெய் என்கிற செறிவான கஞ்சா எண்ணெய், கஞ்சாப் பிசினான சரஸ் வகையில் வருவதால் அதற்கு 100 கிராம்தான். சிறிய அளவுக்கே ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். ஜீப்பை ஓட்டிப்போன அப்பாவுக்கு அந்த வழி கிடையாது, தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான் விழும்.

முதல் மூன்று வாரம் பிள்ளை உங்கள் வீட்டில், உங்கள் கண் முன்னால் இருக்கட்டும். அப்பா அம்மா இருவரில் ஒருவர் வேலைக்கு லீவு போட முடிந்தால் போடுங்கள். சாப்பிடவில்லை என்றால் கஞ்சி, மோர், பழம் என்று எது இறங்குகிறதோ அது. ராத்திரி விழித்துக் கிடந்தால் பக்கத்தில் இருங்கள், அந்த நேரத்தில் புத்திமதி வேண்டாம். வீட்டுக்குள்ளேயே விற்கிறவனோ தினம் குடித்துவிட்டு அடிக்கிறவரோ இருந்தால் அனுப்பத்தான் வேண்டியிருக்கும். அப்போது மாமனிடம் முழுசாகச் சொல்லுங்கள்: எதை இழுத்தான், எப்போது நிறுத்தினான், இந்த வாரம் எப்படி நடந்துகொள்வான். சம்பந்தப் பேச்சு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பரிசோதனை அட்டையை நீதிபதியாக்குவது

மருந்துக் கடையிலோ ஆன்லைனிலோ சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கி, வாரம் தவறாமல் பிள்ளையைக் கழிவறைக்கு அனுப்பும் அப்பாக்கள் பெருகிவிட்டார்கள். டி.எச்.சி. கொழுப்பில் தங்குகிற பொருள். எப்போதாவது இழுத்தவனுக்கு மூன்று நாள் அளவில் அட்டை சுத்தமாகிவிடும். தினமும் இழுத்தவனுக்கு ஒரு மாதம் தாண்டியும் காட்டலாம். உண்மையாகவே நிறுத்திப் பதினைந்து நாள் ஆனவனை "பொய்யா சொல்ற" என்று கேட்டு உடைத்துவிடுகிறார்கள். வயிற்றெரிச்சலுக்குப் போடுகிற பான்டோபிரசோல் மாத்திரையாலும் தவறாகக் காட்டியதுண்டு. செயற்கைக் கஞ்சாவோ இந்த அட்டையில் தெரியவே தெரியாது. அட்டைக்குப் பயந்த பிள்ளை அதைவிடக் கொடிய சரக்குக்கு மாறுவதற்கு நாமே வழி காட்டியது போலாகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் வீட்டுச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. சோதனை வேண்டுமென்றால் அதை மருத்துவர் சொல்லட்டும், பிள்ளைக்கும் தெரிந்தே நடக்கட்டும்.

கூட்டாளி வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவது

வேண்டாம். அன்றோடு பிள்ளை உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவான்.

பயம் காட்ட ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவது

பயம் சில நாள் நிற்கும், அவமானம் போகாது. போதைக்கு அடிமையாகிச் சிறிய அளவில் பிடிபட்டவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற மேலே சொன்ன போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. மிரட்டுவதற்குப் பதில் இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு வருடம் வரை சிறை உண்டு. புகார் போக வேண்டியது அவன் மேல்.

வாந்தியை வாயுத் தொல்லை என்று நினைப்பது

நாள்பட இழுக்கிற சிலருக்கு வயிற்றுவலியும் நிற்காத வாந்தியும் மாறி மாறி வரும். வெந்நீரில் குளித்தால் மட்டும் தணியும், அதனால் குளியலறையிலேயே கிடப்பார்கள். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இது கஞ்சாவால் வருகிறது, நீர்ச்சத்து வற்றி ஆபத்தில் முடியலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, யாரோ பேசுவது கேட்கிறது என்பது, எல்லோரும் தன்னைக் கண்காணிப்பதாக நம்புவது, உயிரை விடுவதாகச் சொல்வது, இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வேப் பேனாவைப் பற்றி டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். அவசரமில்லை, யாரிடமாவது பேசினால் போதும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு எக்சைஸ் துறையின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் எண் 14405. போதை மீட்புக்கான மத்திய அரசின் எண் 14446.