தோற்ற ஆட்டத்தை உடனே திருப்பிப் பாருங்கள்

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ கேரம் மன்றத்தில் ஒரு காயைத் தவறவிட்டால், சுற்றி நிற்கும் அண்ணன்மார் அங்கேயே பிழையைச் சொல்லிவிடுவார்கள். இணையத்தில் கேட்டான் (Catan) போன்ற வியூகப் பலகை ஆட்டங்களை ஆடுகிறவர்களுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. தோற்ற வேகத்தில் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகிறோம். அதே தவறு திரும்பவும் வருகிறது.

போர்டு கேம் அரீனா தளத்தில் முடிந்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். கடைசிச் சுற்றில் நேரத்தைச் செலவிடாதீர்கள். நிலைமை முதலில் எங்கே சாய்ந்தது என்று தேடுங்கள்; கேட்டானில் அது பெரும்பாலும் தொடக்கத்தில் குடியிருப்பு வைத்த இடமாகவே இருக்கும்.

அடுத்து, பகடையின் பங்கையும் உங்கள் முடிவையும் பிரித்துப் பாருங்கள். இது மிக முக்கியம். கேட்டான் பலகையில் நிலங்களுக்கு எண்கள் உண்டு; பகடையில் ஓர் எண் விழுந்தால், அந்த நிலத்தின் ஓரத்தில் குடியிருப்பு வைத்தவருக்குப் பண்ட அட்டை கிடைக்கும். இரண்டு பகடைகளில் மொத்தம் 36 விழுகைகள். 6, 8 ஆகியவை தலா 5 வழிகளில் விழும். 2, 12 ஆகியவற்றுக்கு ஒரே வழிதான். 12-ஐ நம்பிக் குடியேறியது உங்கள் தவறு. 8-ஐத் தேர்ந்தும் அது விழவில்லை என்றால், அந்த முடிவை மாற்ற வேண்டாம். 7 விழுந்தால், ஏழு அட்டைகளுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழப்பார். கையில் 8 அட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கும்போது 7 விழுந்து 4 போனதா? அதைப் பகடையின் கணக்கில் எழுதாதீர்கள்.

பார்த்ததை ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வென்றவரிடமே, “எந்தப் பண்டமாற்று உங்களுக்கு உதவியது?” என்று கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.