டிஃபெண்டரில் மினுங்கிய ஒயில் லைட்

பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டர் ஜீப், 300டிடிஐ டீசல் எஞ்சின். சர்வீசுக்குப் பிறகு, மணற்காட்டு மணலில் ஓடிவிட்டு நின்றால், ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஒயில் லைட் மினுங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒன்றுமில்லை, சூட்டில் ஐட்லிங்கில் மட்டும்தான், அக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலே அணைந்துவிடும்.

அந்த லைட்டை எரியவைக்கும் ஒயில் சுவிட்சை மாற்றினேன், அப்படியேதான். வயரிங், பில்டர் எல்லாம் பார்த்தாயிற்று. மெக்கானிக் அண்ணை "பெயரிங் தேய்ஞ்சிட்டுது, இறக்குவம்" என்றார். அதற்கு முதல் சுவிட்சைக் கழற்றி அதே துளையில் அழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்றைப் பூட்டிச் சூட்டில் பார்த்தோம்: அழுத்தம் உண்மையாகவே குறைவு.

சர்வீசில் கராஜில் ஊற்றியிருந்த ஒயில் 5டபிள்யூ-30, விலை கூடிய சிந்தெடிக். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கு, யாழ்ப்பாணத்தில் அது யாருக்குத் தேவை? பின்னால் உள்ளதுதான் சூட்டுக்கு. 100 பாகையில் 30 ஒயிலின் பிசுக்குமை (தடிப்பு) 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 40க்கு 12.5 முதல் 16.3 வரை. தேய்ந்த பழைய எஞ்சினில் இடைவெளி கூட, மெல்லிய ஒயில் வழிந்துவிடும்.

டீசலுக்கான சாதாரண மினரல் 15டபிள்யூ-40, புது பில்டர். கேஜ் முள் ஏறி நின்றது, அதே மணலில் மத்தியான வெயிலில் ஓடியும் லைட் வரவில்லை. எஞ்சின் இறக்கும் காசு மிச்சம், அப்பாடா.