அனலைசர் நின்றுபோனால் வெள்ளணுவை எண்ணுவதும் சரிபார்ப்பதும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சிறிய ஆய்வகங்களில் ரத்த அணுக்களைத் தானாக எண்ணும் இயந்திரமான அனலைசர் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அது நின்ற அன்றைக்குத்தான் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் நியூபார் சேம்பர், அதாவது அணுக்களைக் கையால் எண்ணக் கட்டங்கள் பொறித்த கண்ணாடி, நினைவுக்கு வரும். எண்ணிவிடலாம்; எண்ணியதை எதை வைத்து நம்புவது? எண்ணிக்கை முன்பே தெரிந்த கண்ட்ரோல் ரத்தம் விலை அதிகம், திறந்துவிட்டால் ஆயுளும் குறைவு. அது இல்லாமல் சமாளிக்கும் முறையை எழுதுகிறேன். ரத்தம் எடுப்பதும் நுண்ணோக்கியைச் சரிசெய்வதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் பிப்பெட். அளவு மாற்றும் பிப்பெட்டை விட 20 மைக்ரோலிட்டருக்கென்றே வரும் நிலையான பிப்பெட்தான் என் தேர்வு. அதைச் சோதிக்க, மில்லிகிராம் காட்டும் தராசு உள்ள நகைக்கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் போதும். மூடியுள்ள சிறு குப்பியில் 10 முறை தண்ணீர் விட்டு நிறுத்துப் பாருங்கள். 200 மில்லிகிராமை ஒட்டி வரவேண்டும்.

ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் ஊதா மூடிக் குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். சிவப்பணுவைக் கரைத்து வெள்ளணுவை விட்டுவைக்கும் டர்க் திரவம் 380 மைக்ரோலிட்டரில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம். முனையின் வெளிப்புறத்தைத் துடைத்த பிறகே விடவேண்டும்.

இனி வருவதுதான் முக்கியமான இடம். ஒரே கலவையை சேம்பரின் இரண்டு பக்கமும் நிரப்பி, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று திருப்திப்படுபவர்கள் அதிகம். ரத்தத்தை அளந்ததில் பிழை இருந்தால் அது இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் போயிருக்கும். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? ஆகவே இரண்டு குழாய்களில் தனித்தனியாகக் கலவை தயாரித்து, பக்கத்துக்கு ஒன்றாக நிரப்புங்கள். சேம்பருடன் வரும் தடித்த கவர் கிளாஸையே பயன்படுத்துங்கள். ஸ்லைடுக்கு வைக்கும் மெல்லிய கண்ணாடி வளையும், ஆழம் 0.1 மில்லிமீட்டராக இருக்காது. அழுத்தி வைத்ததும் ஓரத்தில் வானவில் வளையங்கள் தெரிந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

சித்திரை வெயிலில் மின்விசிறிக்கடியில் வைத்தால் திரவம் ஓரத்திலிருந்து உள்வாங்கும், அணுக்களும் நகரும். ஈரப் பஞ்சு வைத்த பெட்ரி தட்டில் மூடி, 2 அல்லது 3 நிமிடம் கழித்து எண்ணுங்கள். நான்கு மூலைக் கட்டங்கள். மேல் கோட்டையும் இடக் கோட்டையும் தொடுபவற்றைச் சேர்த்து, கீழ்க் கோட்டையும் வலக் கோட்டையும் தொடுபவற்றை விடுங்கள். மொத்தத்தை 50 ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டருக்கான எண்ணிக்கை.

இரண்டு பக்க எண்களின் வித்தியாசம், அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைப் போல இரு மடங்குக்குள் இருக்கவேண்டும். 140, 158 வந்தால் வித்தியாசம் 18, எல்லை சுமார் 34. சராசரி 149, அறிக்கையில் 7,450. அதுவே 120, 165 என்றால் வித்தியாசம் 45. இரண்டையும் தள்ளிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். தினமும் ஒன்றிரண்டு அணு வித்தியாசத்தில் பொருந்துகிறதா? எனக்கு அதுதான் அதிகச் சந்தேகம். முதல் எண்ணைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதை எண்ணுகிறார்கள். இரண்டு பேர் எண்ணி, தனித்தனித் தாளில் எழுதட்டும்.

நேற்றைய மாதிரி ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, 24 மணி நேரத்துக்குள் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து மறுபடி எண்ணுங்கள். வித்தியாசத்தைக் கூட்டல், கழித்தல் குறியோடு நோட்டில் ஏற்றுங்கள். ஐந்தொகை இடித்தால் நகரத்தார் வீட்டுக் கணக்குப்பிள்ளை எப்படி விடமாட்டாரோ, அப்படி அந்த நோட்டைப் பாருங்கள். பல நாள் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் பிப்பெட்டோ திரவமோ மாறியிருக்கிறது. சிடி4 (ஒரு வகை நிணநீரணு) பரிசோதனைக்கான மாதிரியை மட்டும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், அது அறை வெப்பத்தில் இருக்கவேண்டியது.

இந்த முறை நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். என்றைக்குமே தவறாக எண்ணுகிறோமா என்றறிய, எய்ம்ஸ் நடத்துவது போன்ற வெளித் தரச் சோதனைத் திட்டத்தில் சேரவேண்டும்.

சாயமேற்றிய ஸ்லைடில் வெள்ளணுக்களை வகைவாரியாக எண்ணும் வகைப்பிரிப்பில் 100 அணு எண்ணி நிணநீரணு 30 சதவீதம் என்றால், உண்மை 21 முதல் 40 வரை எங்கும் இருக்கலாம். மருத்துவர் அதை வைத்து முடிவெடுப்பார் என்றால் 200 எண்ணுங்கள். லீஷ்மன் சாயம் எல்லாம் நீலமாக வந்தால் கிணற்றுத் தண்ணீரை விட்டு பிஎச் 6.8 பஃபருக்கு மாறுங்கள்.

பிற்சேர்க்கை: பச்சிளங்குழந்தையின் எண்ணிக்கை மட்டும் எகிறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உட்கரு உள்ள சிவப்பணுக்களை டர்க் திரவம் கரைக்காது, அவையும் வெள்ளணுவாக எண்ணப்படும். ஸ்லைடில் 100 வெள்ளணுவுக்கு அப்படிப்பட்டவை 20 இருந்தால், சேம்பரில் வந்த எண் 12,000 என்றால், அதை 100 ஆல் பெருக்கி 120 ஆல் வகுங்கள்: 10,000. அறிக்கையில் திருத்திய எண் என்று குறித்துவிடுங்கள்.