மாநிலச் சட்டம் நிற்குமா? ஏழாவது அட்டவணையை வைத்துப் பார்க்கும் முறை

குரூப் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: எதில் நாடாளுமன்றம், எதில் மாநிலச் சட்டமன்றம், எதில் இரண்டும் சட்டம் போடலாம் என்று அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை பிரித்து வைத்திருக்கும் மூன்று பட்டியலையும் (மத்திய, மாநில, பொது) உருப்போடாதீர்கள். ஏதாவது ஒரு சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். என் வகுப்பில் அது எப்போதும் ஜல்லிக்கட்டுதான். மதுரைக்காரிக்கு வேறென்ன உதாரணம் வரும்!

முதலில் சட்டத்தின் சாரம் எது என்று பாருங்கள். தலைப்பை நம்பாதீர்கள். "விளையாட்டு மாநிலப் பட்டியலில் 33-வது என்ட்ரி மேடம், அப்புறம் என்ன தடை?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஆனால் சட்டம் தொடுவது மாட்டை. மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் 17-வது. அங்கே நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம்.

பொதுப் பட்டியல் என்றால், அதே விஷயத்தில் மத்தியச் சட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். இங்கே 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டும் முட்டினால் அரசியலமைப்பின் உறுப்பு 254(1)-ன்படி மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் முரண்படுகிற அளவுக்குச் செல்லாது. தமிழ்நாட்டின் 2009 ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது இப்படித்தான்.

அடுத்து 254(2). இதை நிதானமாகப் படியுங்கள், கேள்வி வருவதும் இங்கிருந்துதான். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டால், முரண் இருந்தாலும் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். மெரினா போராட்டத்துக்குப் பிறகு 2017-ல் மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டு அளவில் திருத்தி, ஒப்புதலும் வாங்கினார்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. ஆனால் ஒப்புதல் தீர்ப்பது முரணை மட்டும்தான். அடிப்படை உரிமையை மீறும் சட்டத்தை அது காப்பாற்றாது. நாடாளுமன்றம் பின்னால் வேறு சட்டம் போட்டு அதை மாற்றவும் முடியும்.

எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. கல்வி 42-வது திருத்தத்தில், 1976-ல், மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. அதனால்தான் நீட் விலக்கு மசோதாவும் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. அங்கே ஒப்புதல் கிடைக்கவில்லை. குடியரசுத் தலைவர் இத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று உறுப்பு 201-ல் கெடு எதுவும் எழுதப்படவில்லை.

ஜல்லிக்கட்டு புரிந்துவிட்டால், ஆன்லைன் ரம்மி தடைச் சட்டத்தை எடுத்து நீங்களே ஓட்டிப் பாருங்கள். சூதாட்டம் மாநிலப் பட்டியலில் 34-வது. ரம்மி சூதாட்டமா, திறமை ஆட்டமா என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.