செயின்ட் தாமஸில் ஒரு நாள்: பாய்ப் படகு, ஸ்நார்க்கெல், குடும்பங்கள் செய்யும் தவறுகள்

ஃப்ளோரிடாவில் கப்பலேறி கிழக்குக் கரீபியன் பக்கம் போகிறவர்களுக்கு, அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸில் பெரும்பாலும் எட்டு மணி நேரம் கிடைக்கும். இரட்டை உடல் பாய்ப் படகான கேட்டமரனில் ஏறி, ஆமை மேயும் இடத்தில் ஸ்நார்க்கெல் செய்துவிட்டு (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக் குப்புற மிதந்து நீந்துவது), பாய் விரித்தபடி திரும்பி வர அது தாராளம். அப்படியும் பல குடும்பங்களுக்கு அந்த நாள் அரைகுறையாகவே முடிகிறது. பழியைக் கடல்மேல் போடுவார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் முன்பதிவு செய்தபோதே, பை கட்டியபோதே தொடங்கியிருக்கும்.

துறையும் கடிகாரமும்

தீவின் தலைநகரான சார்லட் அமாலியில் பெரிய கப்பல்கள் கட்டும் துறை இரண்டு: கிழக்கே ஹேவன்சைட், மேற்கே கிரௌன் பே. படகு ஹேவன்சைட்டை ஒட்டிய மரினாவில் (சிறு படகுத் துறை) கிளம்புகிறது, இறங்கி நடந்தே போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அன்று பார்த்து கப்பல் கிரௌன் பேயில் கட்டியிருக்கும். நடுவே இருப்பது ஒரே கடற்கரைச் சாலை. நான்கைந்து கப்பல் ஒன்றாக வந்த நாளில் அதில் வண்டி ஊர்ந்துதான் போகும். தீவின் கிழக்கு முனையான ரெட் ஹூக்கில் கிளம்பும் படகு என்றால் நெரிசல் நாளில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். டாக்சிக் கட்டணம் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. ‘சஃபாரி’ என்கிற திறந்த வண்டியில் ஆள் நிரம்பும்வரை காத்திருக்கவும் வேண்டும். எந்தத் துறை என்பதைப் பயணத்துக்கு முந்தின வாரம் ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுவார்கள்.

அடுத்தது நேரம். செயின்ட் தாமஸில் ஆண்டு முழுக்க ஒரே நேரம்தான், கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளும் வழக்கம் இல்லை. கோடையில் அது ஃப்ளோரிடா நேரத்தோடு ஒத்துப்போகும். குளிர்காலத்தில் ஃப்ளோரிடா ஒரு மணி நேரம் பின்தங்கும். சில கப்பல்கள் கடிகாரத்தைத் தீவு நேரத்துக்கு மாற்றும், சில மாற்றாது. மாற்றாத கப்பலில் டிசம்பர் விடுமுறைக்குப் போனவர் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து 9 மணிப் படகுக்கு வந்தால், தீவில் அப்போது 10. படகு போய்விட்டிருக்கும். கப்பலுக்குத் திரும்புவதில் மட்டும் இந்தக் குழப்பம் கெடுதல் செய்யாது, ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்பீர்கள், அவ்வளவுதான். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் கோடைக்காலத்தில் கதை தலைகீழ்: கப்பலில் 4.30 ஆகும்போது உங்கள் போன் 3.30 காட்டும். துறையில் நின்று கப்பல் போவதைப் பார்க்க நேர்வது அப்படித்தான். கப்பல் நேரத்தில் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டுங்கள். படகு முதலாளியிடம் பேசும்போது மட்டும் “தீவு நேரமா?” என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் போனால், அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே சொந்தமாகப் பதிவு செய்தால் காத்திருக்காது. விலையும் கூட்டமும் குறைவு என்பதால் சொந்தப் பதிவு பெரும்பாலும் நல்ல தேர்வுதான். ஆனால் கடைசியாக ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே படகு கரை சேர வேண்டும். அந்த இடைவெளி இல்லாத படகை விட்டுவிடுங்கள். சொந்தமாகப் பதிவு செய்து போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும், இருந்தால் கிரீன் கார்டையும் நீர்புகாப் பையில் கையோடு வைத்திருப்பது நல்லது. இது அமெரிக்க மண் என்றாலும், கப்பலைத் தவறவிட்டு இங்கிருந்து அமெரிக்க நிலப்பகுதிக்கு விமானம் ஏறுமுன் குடியேற்றச் சோதனை உண்டு.

எந்தப் படகு

‘பக் தீவு’ என்று பார்த்தவுடன் பதிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பெயரில் இரண்டு தீவுகள் உண்டு. செயின்ட் தாமஸின் தெற்கே அருகில் இருப்பது வனவிலங்குச் சரணாலயம், ஆமைக்குப் பேர்போனது. நீரடிப் பாதையோடு படங்களில் வருவது தெற்கே தள்ளி உள்ள வேறொரு தீவான செயின்ட் குரோயின் பக் தீவு. ஒன்றின் விமர்சனத்தைப் படித்துவிட்டு இன்னொன்றுக்குப் பணம் கட்டக் கூடாது. முதல்முறை போகும் குடும்பத்துக்கு செயின்ட் தாமஸின் பக் தீவே பொருத்தம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் அலை அந்தப் பக்கம் அவ்வளவாக அடிக்காது.

செயின்ட் ஜான் தீவின் டிரங்க் பே கடற்கரை அழகு, மறுக்க முடியாது. ஆனால் துறையிலிருந்து ரெட் ஹூக், அங்கே படகுக்குக் காத்திருப்பு, சுமார் இருபது நிமிடக் கடல், மறுபடி ஒரு வண்டி என்று கூட்டிப் பாருங்கள். போகவும் வரவுமே மூன்று மணி நேரம் கரையலாம். ஆறு மணி நேரம் மட்டும் நிற்கும் கப்பல் என்றால் அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு குடும்பம் சேர்ந்து தனிப் படகு எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது எண்ணிக்கையில். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சோதனைச் சான்று இல்லாத சிறு வாடகைப் படகில் பொதுவாக ஆறு பயணிகள்தான் ஏறலாம். கைக்குழந்தையும் ஒரு பயணி. “மடியில் வைத்துக்கொள்கிறோம்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஏழாவது ஆள் இருந்தால் சான்று பெற்ற பெரிய படகை முதலிலேயே கேளுங்கள்.

ஒற்றை உடல் பாய்ப் படகு காற்றில் ஒருபக்கம் நன்றாகச் சாயும். பாய்ப் படகை விரும்புகிறவர்களுக்கு அதுதான் சுகம். பாட்டிக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் அது திகில். கேட்டமரன் அவ்வளவு சாயாது, ஏணியும் அகலம். காற்று இங்கே கிழக்கிலிருந்து வருவது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ‘கிறிஸ்துமஸ் காற்று’ 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். கிழக்கே போகும்போது எஞ்சின்தான் ஓடும், பாயில் போகும் சுகம் திரும்பும் வழியில் கிடைக்கும். காலையிலேயே “பாய் எங்கே?” என்று முகம் சுளிக்க வேண்டாம். ஓடும்போது தலைக்கு மேலே கிடைமட்டமாக இருக்கும் கட்டை திசை மாறுகையில் சட்டென்று குறுக்கே வீசும். அதன் வழியில் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

மாஸ்க்: நாளின் பாதி இதில்தான்

தண்ணீரில் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் “எனக்கு வேண்டாம்” என்று ஏணியைப் பிடிக்கிறவர்களில் பலருக்கு நீச்சல் பிரச்சினையே இல்லை. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்திருக்கும். படகில் கொடுக்கும் மாஸ்க்கை வாங்கி, பட்டையை இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு மடிந்து, கசிவு கூடும். பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு மாஸ்க் கேளுங்கள். குழந்தைக்குப் பெரியவர் மாஸ்க் எப்படிக் கட்டினாலும் சேராது.

நம்மவர்களுக்கென்றே மூன்று இடைஞ்சல் உண்டு. ஒன்று மீசை. மூக்குக்கு நேர் கீழே உள்ள முடி வழியாகத் தண்ணீர் கசியும். அந்த இடத்தில் மட்டும் மெல்லிய கோடாக மழித்தால் போதும், மீசை போகாது. இரண்டாவது தேங்காய் எண்ணெய். காலையில் தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்கி விளிம்பை வழுக்கச் செய்யும், கண்ணாடியிலும் படியும். மூன்றாவது மூக்குக்கண்ணாடி. அதன் காம்பு போகும் இடத்தில் மாஸ்க் மூடவே மூடாது. நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் அருகிலும் தெரிவதால், மைனஸ் ஒன்று, ஒன்றரை பவர் உள்ளவர்கள் வெறும் மாஸ்க்கிலேயே சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் அரைப் பவர் இடைவெளியில் கிடைக்கும் பவர் மாஸ்க்கை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸோடு இறங்குவது கண் தொற்றுக்கு வழி.

புது மாஸ்க் வாங்கினால் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். பற்பசையை உள்பக்கம் விரலால் நன்றாகத் தேய்த்து, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். இறங்கும் முன் குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு தடவி, லேசாக அலசினால் ஆவி படியாது. தண்ணீர் புகுந்தால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம்: மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தை மேலே தூக்கி, மூக்கால் ஊதினால் கீழ்வழியாக வெளியேறிவிடும். குழாயில் தண்ணீர் வந்தால் “ஃபூ” என்று ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். இவை இரண்டையும் கப்பலின் நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், முந்தின நாளே பத்து நிமிடம் பழகிவிடுங்கள். ஆழ்கடலில் அதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் பொறுமை இருக்காது.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வசதியாகத் தெரியும். வாயில் குழாய் கடிக்க வேண்டாமே! ஆனால் வெளிவிட்ட மூச்சு உள்ளேயே தேங்கலாம், பதற்றத்தில் சட்டென்று கழற்றவும் வராது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஹவாயில் ஸ்நார்க்கெல் மரணங்களைப் பற்றி நடந்த ஆய்வு, குழாய் வழியே மூச்சை இழுக்கச் சிரமப்படுவதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் சாத்தியத்தைச் சுட்டிக்காட்டியது. அந்த நிலையில் கைகால் அடித்துத் தத்தளிப்பதெல்லாம் இருக்காது, ஆள் சத்தமில்லாமல் தளர்ந்துபோவார். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ள அப்பா, மாமா இறங்குவதானால் மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் உடனே குழாயை எடுத்துவிட்டு, மல்லாந்து படுத்து, உதவிக்குச் சைகை காட்ட வேண்டும்.

தண்ணீரில்

இந்தச் சைகை விஷயத்தைப் படகிலேயே எல்லோருக்கும் சொல்லுங்கள். தலைமேல் கை வைத்தால் ‘நன்றாக இருக்கிறேன்’. கையை உயர்த்தி ஆட்டினால் ‘காப்பாற்று’. படகில் கேமராவோடு நிற்கும் அம்மாவைப் பார்த்துப் பிள்ளைகள் உற்சாகமாக டாட்டா காட்டுவார்கள், காவலுக்கு நிற்பவர் குதித்தே விடுவார்.

வாயால் ஊதும் மஞ்சள் வெஸ்ட் மிதக்க உதவும் கருவி மட்டுமே. மயங்கியவரை அது மல்லாத்தாது. நீச்சல் தெரியாத குழந்தைக்கு நுரை அடைத்த லைஃப் ஜாக்கெட்டும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவரும் வேண்டும். அவர் வேறு எதையும் பார்க்கக் கூடாது, ஆமையையும்தான். பெரியவர்கள் வெஸ்ட்டைப் பாதி ஊதினால் போதும். முழுக்க ஊதினால் குப்புறப் படுக்கவே வராது.

நங்கூரமிட்ட படகு பொதுவாகக் காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து முகம் காட்டி நிற்கும். முதலில் படகின் முன்பக்கம் நோக்கி, எதிர்நீச்சலில் போங்கள். களைத்தபின் நீரோட்டமே கொண்டுவந்து விடும். இதைத் தெரியாமல் பின்பக்கம் சுகமாக மிதந்து போனவர்களைத்தான் ரப்பர் படகில் போய் அள்ளி வருவார்கள்.

ஆமையைத் தொடுவது 1973-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அதைத் துரத்தவும், அது மூச்செடுக்க மேலே வரும் வழியை மறிக்கவும் கூடாது. ஆமை மேயும் கடற்புல்லுக்கு மேல் அசையாமல் மிதந்தால் அதுவே உங்கள் பக்கம் வந்து போகும். கடுகு நிறத்தில் வழவழப்பாகத் தெரிவது தீப்பவளம், பட்டால் எரியும். காலை ஊன்றி நிற்கலாம் என்று தோன்றும் இடத்தில் கடல் முள்ளெலி இருக்கும்.

பையிலும் வயிற்றிலும்

ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரிலீன் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களுக்கு அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 மார்ச் முதல் தடை. மூன்றில் ஒன்று இருந்தாலும் ஆகாது. துத்தநாக ஆக்சைடு கிரீமைக் கப்பலில் ஏறுமுன்பே வாங்கிவிடுங்கள். அதைவிட நல்லது முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும். குப்புற மிதக்கும்போது வெயில் அடிப்பது பின்கழுத்திலும் முழங்காலின் பின்புறத்திலும், அங்கே கிரீம் போட யாரும் நினைப்பதில்லை. பருத்திச் சுடிதார் தண்ணீர் குடித்து இழுக்கும், துப்பட்டா காலில் சுற்றும். மோதிரத்தையும் கொலுசையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். நீரில் விரல் சுருங்கி மோதிரம் தானாகக் கழன்றுவிடும். தாலிச் சங்கிலியைக் கழற்றாதவர்கள் கழுத்து மூடிய சட்டைக்குள் ஊக்கு குத்தி வைக்கலாம்.

பெரிய கப்பலில் குமட்டவில்லை என்பதால் படகிலும் குமட்டாது என்று நம்ப வேண்டாம், அந்த ஆட்டம் வேறு. மெக்லிசின் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. 12 வயதுக்குக் கீழே என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். வெறும் வயிறும் கெடுதல், கப்பல் பஃபேயை ஒரு கை பார்த்த வயிறும் கெடுதல். டோஸ்ட்டும் வாழைப்பழமும் போதும். குமட்டினால் உள்ளறைக்குப் போகாமல், பின்பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கப்பலிலிருந்து பழமோ சமைத்த சாப்பாடோ கரைக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள், பிரிக்காத பிஸ்கெட் பாக்கெட்டுக்குத் தடையில்லை. சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். கோழியை எடுத்துவிட்டால் சைவம் என்று நினைக்கும் சமையலறைகள் உண்டு, ஆகவே மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்வது நல்லது. ரம் பஞ்ச் நீந்தி முடித்த பிறகுதான். கப்பல் துண்டைப் படகில் மறந்துவிட்டு வந்தால் உங்கள் கணக்கில் பணம் பிடிப்பார்கள், இறங்குமுன் எண்ணிப் பாருங்கள். மாலுமிகளுக்கு 15 முதல் 20 சதவீதம் டாலர் நோட்டாகக் கொடுப்பது வழக்கம், ஈரமாகாத இடத்தில் வைத்திருங்கள்.